எட்டு மில்லிமீட்டர்

ஏப்ரல் 4
விடியற்காலை மூன்று மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, அரைமணியில் அடிவயிறு வரை இறங்கிவிட்டது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு முறை வாந்தி. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட பிறகுதான் மனுசனானேன். ஸ்கேனில் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் கல், கிட்னியும் லேசாக வீங்கியிருக்கிறதாம்.

ஏப்ரல் 5
திருச்செங்கோட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. மாமனார் வாழைத்தண்டுச் சாறோடு வந்தார். ஆபீஸில் ரிக் டிரைவர், "பீர் அடிங்கண்ணா, தானா வந்துரும்" என்றான். ஊர் ஊராகப் போய் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற கூட்டம், எங்களில் கல் வராத ஆளைத் தேட வேண்டும்.

ஏப்ரல் 7
சி.டி. எடுத்தாயிற்று. 8 மி.மீ., அடர்த்தி 1,250 ஹவுன்ஸ்ஃபீல்டு. டாக்டர் சீட்டின் பின்புறம் கிட்னியையும் குழாயையும் வரைந்து கல்லுக்கு ஒரு புள்ளி வைத்தார். 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும், குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்துச் சில வாரம் பார்க்கலாம். இந்த அளவுக்கு, இந்த இடத்தில், அந்த நம்பிக்கை குறைவு. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம். தூள் தானாக வெளியேற வேண்டும். இல்லையென்றால் சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு லேசரில் உடைக்கலாம். சில சமயம் கல் நழுவி மறுபடி கிட்னிக்குள் ஓடிவிடும். "குளிர் காய்ச்சல் வந்தா, ராத்திரியானாலும் உடனே வந்துருங்க. அப்ப முதல்ல அடைப்பைத்தான் எடுக்கணும்."

ஏப்ரல் 8
"ஏனுங்க, மயக்க ஊசியெல்லாம் எதுக்கு? அலையே வெச்சுக்கலாமுங்க" என்கிறாள் வீட்டுக்காரி. நானும் நேற்றுவரை அந்தப் பக்கம்தான். அந்த 1,250-தான் உறுத்துகிறது. ஆயிரத்தைத் தாண்டினாலே அலைக்கு லேசில் மசியாதாம். இரண்டாவது, மூன்றாவது தடவையும் போக நேரலாம். உடைந்த துண்டும் அதே குழாயில்தானே இறங்க வேண்டும்? நாலாம் தேதி ராத்திரியைத் தவணை முறையில் அனுபவிக்க நான் தயாரில்லை. லேசர்.

ஏப்ரல் 11
முதுகில் ஊசி. கால் இரண்டும் யாருடையதோ போல் கிடந்தன. முக்கால் மணி நேரம். சின்ன புட்டியில் பழுப்பாக நாலைந்து துணுக்கு. இதற்கா அந்தப் பாடு!

ஏப்ரல் 15
கல்லைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டேன். சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் டிஜே ஸ்டென்ட் என்ற குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. ஒன்றுக்குப் போய் முடிக்கும்போது முதுகில் சுரீரென்கிறது. முடித்து வந்தால் மறுபடி முட்டுகிறது. மாடி ஏறினால் சிவப்பாகப் போகிறது. அலை வைத்தியம் என்றால் பெரும்பாலும் இது வேண்டியிருக்காது. தெரிந்திருந்தாலும் லேசருக்குத்தான் போயிருப்பேன். ஆனால் திங்கட்கிழமையே வேலைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் வாய் விட்டிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 25
ஸ்டென்ட் போயிற்று. ஜெல்லி தடவி, கருவியை விட்டு இழுத்தார்கள், இரண்டு நிமிடம். இரு முனையும் சுருண்ட, ஒரு சாணுக்கு மேல் நீளமான குழாய். கல் கால்சியம் ஆக்சலேட். பாலை நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம், உப்பைக் குறை என்றார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் கணக்காம்: நாளைக்கு 2.5 லிட்டர்.

ஏப்ரல் 27
பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு நாள் முழுக்கப் பிடித்து அளந்தேன். 1,100 மில்லி.