வெள்ளியங்கிரியில் இறங்குவது எப்படி

வெள்ளியங்கிரி போய்வந்தவர்களைக் கேட்டால் ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். எத்தனை மணிக்குப் பூண்டியில் கிளம்பினோம், எந்த மலையில் மூச்சு வாங்கியது, உச்சியில் எப்படிக் குளிரடித்தது என்று நீளும். இறங்கிய கதையைக் கேட்டால் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். போன மார்ச்சில் நண்பர்களோடு போனபோது, இறங்குகிறவர்களைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டேன். மலையில் நடக்கத் தெரிந்தவர் யார் என்பது அங்கேதான் தெரிகிறது.

போகாதவர்களுக்குச் சுருக்கமாக: கோவைக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்தில் இருக்கிறது மலை; உச்சியில் சிவன் சன்னதி. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை ஏறவிடுகிறது. பூண்டி கோயில் அடிவாரத்திலிருந்து ஏழு மலை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். முதல் மலையின் படிகள் அந்த நினைப்பைத் தீர்த்துவைக்கும். அந்த மலை முடிகிற இடத்தில் உள்ள வெள்ளைப் பிள்ளையாரைப் பார்ப்பதற்குள்ளேயே சட்டை நனைந்துவிடும்.

அடிவாரத்தில் பையைச் சோதிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் டெபாசிட் வாங்குகிறார்கள். திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். பிஸ்கட்டைக்கூட உறை பிரித்துப் பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் "இதெல்லாம் ஒரு கெடுபிடியா சாமி" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மருதமலைப் பக்கம் குப்பைமேட்டில் யானைகள் மேய்வதும், அவற்றின் சாணத்தில் பிளாஸ்டிக் கிடப்பதும் கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அங்கேயே இன்னொரு சோதனையை நாமே செய்துகொள்வது நல்லது. இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. 2024 சீசனில் மலையேறியவர்களில் பலர் இறந்துபோனார்கள். பாதியில் நெஞ்சு கனத்தாலோ தலை சுற்றினாலோ, "இன்னும் ரெண்டு மலைதானே" என்று யாராவது உசுப்பேற்றுவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வழியில் உள்ள கைதட்டிச் சுனை வரை போய்த் திரும்பினாலும் போனதுதான்.

சரி, உச்சிக்கு வருவோம். விடியற்காலைக் காற்றில், வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். ஈரத்தைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டு, மேலே காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அப்புறம் தரிசனத்துக்கு நிற்கலாம். தண்ணீரில் பாதியாவது இந்த இடத்தில் மிச்சமிருக்க வேண்டும். ஏறும்போது இருட்டும் குளிருமாக இருப்பதால் தாகம் தெரியாது. இறங்கும்போது ஐந்தாம் மலைப் புல்வெளியில் வெயில் நேராக மண்டையில் இறங்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதைவிட இடையிடையே உப்பும் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். ஓஆர்எஸ் போதும், மோர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இறங்கத் தொடங்கும் முன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்பக்கம் நன்றாக உட்காரவைத்து, கணுக்கால் பக்கத்தை இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் பாதம் முன்னால் வழுக்கி, பெருவிரல் மோதி, நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டியிருந்தால் இன்னும் நல்லது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. தசை நார்களை அதிகம் நோகடிப்பது இந்த இரண்டாவது வேலைதான். மூச்சு வாங்காததால் சுலபமாக இறங்குவதாக நினைத்து வேகமாகப் போவோம். வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து சேரும். இளவட்டங்கள் படிக்குப் படி குதித்து ஓடினார்கள். முதல் மலை வந்தபோது அவர்களில் பாதிப் பேர் ஓரமாக உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்கள்.

மாறாக, எங்களுக்கு முன்னால் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறுங்காலில் போனார். குடத்தை இடுப்பில் வைத்துப் படித்துறையில் நடக்கிற பெண்களைப் போல உடம்பு குலுங்காமல் நடை. முழங்கால் எப்போதும் லேசாக மடிந்தே இருந்தது. உயரமான படி வந்தால் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவைத்தார். மூங்கில் தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அதற்கப்புறம்தான் கால். பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறு: காலை வைத்துவிட்டுத் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படியானால் அது வெறும் சுமை. வழுக்குப்பாறையில் அவர் தடியைக்கூட நம்பவில்லை, உட்கார்ந்து கையை ஊன்றி நகர்ந்தார். பார்த்துச் சிரித்த பையன்கள் இரண்டு நிமிடத்தில் அதையே செய்தார்கள். இருட்டில் இறங்குகிறவர்களுக்குத் தலையில் மாட்டுகிற டார்ச்தான் சரி. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் செல்போன் என்றால் விழும்போது பிடிக்கக் கை எங்கே இருக்கிறது?

கூட்டமான பாதையில் ஏறுகிறவருக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும், அதுவும் மலையை ஒட்டிய பக்கமாக ஒதுங்கி. பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்கக்கூடாது. குறுக்குவழிகளில் சறுக்கி இறங்குகிறவர்கள் மண்ணைச் சிதைக்கிறார்கள். அடுத்த மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகிவிடும். தட்டிவிட்ட கல் கீழே வருகிறவரின் தலையைத்தான் தேடிப்போகும்.

ஆண்டி சுனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு ஏழாம் மலை ஏறுவது வழக்கம், சரிதான். சோப்பு எதற்கு? நனைந்த வேட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போவது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? கீழே வருகிறவர்கள் குடிக்கிற ஓடைகள் மேலேயிருந்துதான் கிளம்புகின்றன. இயற்கை உபாதையை அடிவாரக் கழிப்பறையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. தவிர்க்கவே முடியாவிட்டால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். ஈரத் துடைப்பான் (வெட் வைப்ஸ்) மக்காது, அது பைக்குள் திரும்ப வர வேண்டும்.

வெள்ளியங்கிரி சீசனும் காட்டுத்தீ சீசனும் ஒன்றேதான். புல் காய்ந்து கிடக்கும்போது பீடியும், காற்றில் ஏற்றிய கற்பூரமும் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் தீயில் சிக்கியவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும், மேலே உள்ள புல்லை அதன் வெப்பம் முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் தீயைக் கண்டால் அதற்கு மேலே ஏறி ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறையையோ ஓடையையோ ஏற்கனவே எரிந்து முடிந்த இடத்தையோ தேட வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு போகலாம். புதிதாக நடக்க ஆசைப்படுகிறவர்களை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

கடைசியாக ஒன்று. ராத்திரி முழுக்கக் கண்விழித்து நடந்துவிட்டு, இறங்கிய கையோடு ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் கார் ஓட்டுகிறவர்கள் நிறைய. மலையைவிட அந்த ரோடு ஆபத்தானது. நாங்கள் பாட்டில் டெபாசிட்டை வாங்கி, சாப்பிட்டு, நிழல் பார்த்துப் படுத்துவிட்டோம். வண்டி கிளம்பியபோது மாலை ஐந்து மணி.