வெப்பநிலையை நிறுத்திவைத்து அழுத்தத்தை வரைதல்

இரண்டு மாறிகள் உள்ள சார்பை முப்பரிமாணப் பரப்பாக வரைந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு மதிப்பைப் படித்துச் சொல்வது பெரும்பாடு. ஒரு மாறியை நிறுத்திவைத்து மற்றதை ஓடவிட்டால் சாதாரணக் கோட்டு வரைபடமே போதும். பைத்தானில் எண் கணக்குக்கான நம்பையும் வரைபடத்துக்கான மேட்பிளாட்லிப்பும் இருந்தால் நாலைந்து வரி வேலை.

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை வைத்தே பார்க்கலாம்: 1 மோலுக்கு அழுத்தம் = 8.314 × வெப்பநிலை ÷ கனஅளவு. ஃபங்ஷனை இரண்டு உள்ளீடுகளோடு அப்படியே எழுதுங்கள். 300 கெல்வினை உள்ளே புதைக்காதீர்கள், நாளைக்கு 350 வேண்டியிருக்கும். சம இடைவெளியில் புள்ளிகள் தரும் நம்பையின் லின்ஸ்பேஸில் 0.01 முதல் 0.05 கன மீட்டர் வரை 200 புள்ளிகள் எடுத்து, அந்த அரேயையும் (எண் வரிசையையும்) 300 என்ற ஒற்றை எண்ணையும் கொடுத்தால், 300-ஐ எல்லாப் புள்ளிக்கும் நம்பையே பொருத்திக்கொள்ளும். கோடு 2,49,420 பாஸ்கலில் தொடங்கி 49,884-இல் முடிய வேண்டும்.

கனஅளவை 0-விலிருந்து தொடங்கினால் முதல் புள்ளி முடிவிலி. நம்பை எச்சரிக்கை மட்டும் கொடுக்கும், மேட்பிளாட்லிப் அந்தப் புள்ளியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தொல்லை இரண்டாவது புள்ளியில்: அங்கே அழுத்தம் சுமார் 99 லட்சம் பாஸ்கல். செங்குத்து அச்சு அதுவரை நீண்டு, மீதிக் கோடு தரையோடு ஒட்டிக்கிடக்கும்.

250, 300, 350 என்று பல கோடுகள் வேண்டுமென்றால் லூப்புக்குள் லாம்டாக்களை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்களை) சேர்த்துவைத்துப் பிறகு வரையத் தோன்றும். வரைந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக 350-க்கான கோடாகவே வரும். லாம்டா வெப்பநிலையின் மதிப்பை அல்ல, மாறியின் பெயரைத்தான் பிடித்துவைக்கிறது. அழைக்கும் நேரத்தில் அதில் கடைசி மதிப்பே இருக்கும். வெப்பநிலையை லாம்டாவின் இயல்பு மதிப்பாகக் கொடுங்கள், அல்லது ஃபங்ஷனின் ஓர் உள்ளீட்டை முன்கூட்டியே நிரப்பித் தரும், ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் உள்ள பார்ஷியலைப் பயன்படுத்துங்கள். எனக்குப் பார்ஷியல்தான் பிடிக்கும், படிப்பவருக்கும் குழப்பமில்லை.

ஃபங்ஷனுக்குள் சைன், அடுக்குக்குறிச் சார்பு ஏதாவது வந்தால் பைத்தானின் மேத் மாட்யூலில் இருப்பதை அழைக்காதீர்கள். அது அரேயை ஏற்காது. நம்பையில் இருப்பதை அழையுங்கள்.

இரண்டு மாறிகளின் எல்லாச் சேர்க்கைகளையும் தரும் மெஷ்கிரிட்டில் ஏற்கெனவே கணக்கிட்ட அழுத்த அட்டவணை கையில் இருந்தால் ஒரு வரிசையை வெட்டி எடுத்தும் வரையலாம். மெஷ்கிரிட்டுக்குக் கனஅளவை முதலில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் ஒரு வெப்பநிலை. நெடுவரிசையை வெட்டினால் கனஅளவு நின்றுபோய் நேர்கோடு வரும். வெப்பநிலைக்கு 250 முதல் 400 வரை 20 புள்ளிகள் எடுத்த அட்டவணையில் 300 இருக்கவே இருக்காது. சமக்குறி வைத்துத் தேடினால் எதுவும் சிக்காது; 300-லிருந்து வித்தியாசம் எங்கே மிகக் குறைவு என்று, மிகச் சிறிய மதிப்பின் இடத்தைச் சொல்லும் ஆர்க்மினைக் கேட்டால் 297.37 உள்ள இடம் கிடைக்கும். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜண்டிலும் அந்த 297.37-ஐத்தான் போட வேண்டும்.