வராமல் போன ஈரான் எரிவாயு

ஈரானின் அசலூயே கடற்கரையிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு இயற்கை எரிவாயுவைக் கொண்டுவர, ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளக் குழாய்ப்பாதை அமைக்கும் யோசனை 1989 வாக்கில் முன்வைக்கப்பட்டது. ஈரானின் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலில் வாயுவுக்குப் பஞ்சமில்லை, இந்தியாவில் தேவைக்கும் குறைவில்லை. இடையே இருந்த தடையெல்லாம் அரசியல்தான்.

அத்திட்டத்துக்காக உண்மையாகவே உழைத்தவர்களில் ஒருவர், அப்போதைய மயிலாடுதுறை மக்களவை உறுப்பினர் மணிசங்கர் ஐயர் என்பது நம்மில் பலருக்கும் மறந்துபோயிருக்கும். 2004இல் பெட்ரோலியத் துறை அமைச்சரான அவர், பகை நாடுகளை வணிகம் பிணைக்கும் என்று நம்பி இஸ்லாமாபாத்துடனும் டெஹ்ரானுடனும் பேச்சு நடத்தினார். 2006 ஜனவரியில் அத்துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தம் ஒருபுறம் முதன்மை பெற, எரிவாயு விலையிலும் பாகிஸ்தானுக்கான வழிக்கட்டணத்திலும் இழுபறி நீடிக்க, இந்தியா படிப்படியாக விலகிக்கொண்டது. அது நாம் இழந்த பெரிய வாய்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன்.

ஈரானும் பாகிஸ்தானும் 2009இல் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2013 மார்ச் 11 அன்று எல்லையருகே ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் கல்வெட்டைத் திறந்துவைத்து, கைகுலுக்கி, பணி நலமே முடிய வேண்டும் என்று பிரார்த்தித்தார்கள். ஈரான் தன் பக்கத்தில் பெரும்பகுதிக் குழாயைப் பதித்துவிட்டிருந்தது. பாகிஸ்தானுக்குள் வரவேண்டிய 781 கிலோமீட்டரோ, ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளுக்கு அஞ்சியும் பணமின்றியும் ஆண்டுக்கணக்கில் கிடப்பிலேயே கிடந்தது.