மைலோ டின்னை 32 தடவை படமெடுத்த கதை

போன வருடம் மலேசியாவில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் தீமிதியில் அத்தை பூக்குழி இறங்கினார். 62 வயது, மஞ்சள் சேலை, தலையில் கரகம். நான் குழிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் பழைய கேமராவோடு நின்றேன், கேமரா வாங்கும்போது பெட்டியிலேயே சேர்ந்து வந்த ஜூம் லென்ஸ்தான் அதில். பின்னால் இருக்கும் சின்னத் திரையில் பார்த்தால் படம் பிரமாதம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன், அத்தை முகம் முழுக்க யாரோ கடுகையும் மிளகாய்த்தூளையும் கலந்து தூவிவிட்ட மாதிரி இருந்தது. தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்த அத்தை, "என்னய்யா இது, ஆத்தா என் மூஞ்சியில இறங்கிட்டாளா?" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தக் கேமரா தேடல். மூன்று மாதம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு எத்தனை தடவை போய் வந்தேன் என்று பைக்குக்குத்தான் தெரியும்.

அந்தப் புள்ளிகளுக்கு நாய்ஸ் என்று பெயர், தமிழில் இரைச்சல் என்று எழுதுகிறார்கள். படத்தில் ஏது சத்தம் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் எங்கள் கோயில் ஆம்ப்ளிஃபயர் ஞாபகம் வந்தது. பூசாரி மெதுவாக மந்திரம் சொல்லுவார், கேட்கவில்லை என்று யாராவது ஓடிப்போய்க் குமிழைத் திருகுவார்கள், மந்திரத்தோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்ற சத்தமும் ஏறும். கேமராவில் ஐஎஸ்ஓ அந்தக் குமிழ்தான். வெளிச்சத்தை அது கொண்டுவருவதில்லை, வந்ததைத் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். புள்ளிக்கு ஐஎஸ்ஓவைத் திட்டுவது, பூசாரி மெதுவாகப் பேசியதற்கு ஸ்பீக்கரைத் திட்டுவது மாதிரி.

வெளிச்சம் குறைந்தால் ஏன் புள்ளி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலம் உதவியது. மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் கிண்ணம், அதாவது மங்கு, கட்டியிருக்கும். இலேசாகத் தூறினால் ஒரு மங்கில் 8 துளி விழும், பக்கத்து மங்கில் 13, அடுத்ததில் 10. ஒரே தூறல்தான், ஆனால் வரிசை மேடும் பள்ளமுமாக இருக்கும். கொட்டித் தீர்த்தால் எல்லா மங்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லுக்கு சென்சார் என்று பெயர், அதன் ஒவ்வொரு பிக்சலும் ஒரு மங்கு, ஒளி மழைத்துளி. சராசரி 100 துளி என்றால் 10 முன்னே பின்னே இருக்கும், அதாவது 10 விழுக்காடு. 10,000 துளி விழுந்தால் வித்தியாசம் 100தான், 1 விழுக்காடு. இது இயற்கையின் கணக்கு, எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. சென்சார் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் வேறு இருக்கிறது, ஆனால் இந்தக் காலத்துக் கேமராக்களில் அது நன்றாகவே குறைந்துவிட்டது.

எல்லாரும் சொன்னது "ஃபுல்ஃபிரேம் வாங்கு". சரி, கணக்குப் போட்டேன். ஃபுல்ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. பரப்பளவில் பெரியது கிட்டத்தட்ட 2.4 மடங்கு. இப்போது லென்ஸுக்கு வாருங்கள். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்கிறது, எண் சின்னதானால் திறப்பு பெரிது. என் ஜூம் லென்ஸை நீட்டினால் எஃப் 5.6. மலிவு விலையில் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் வரும், 9.7, அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசீதுக்குப் பின்னால் எழுதிய அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதமாக நான் பார்த்த விமர்சனம் எல்லாம் பாடியைப் பற்றி, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைப் பற்றி. மழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மங்கின் அளவையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் காசைப் போட மனசு வரவில்லை. கல்யாணப் படம் எடுக்கும் மச்சானிடம் இரண்டு நிக்கான் பாடி இருந்தது, ஃபுல்ஃபிரேம் டி750, ஏபிஎஸ்-சி டி7200. ஒரு ராத்திரி இரவல் வாங்கி வந்தேன். சாமி மேடையில் குத்துவிளக்கு மட்டும் எரிய, பக்கத்தில் மைலோ பானத்தூள் டின்னை வைத்தேன். டின் ஏன் என்றால் அதில் கரும்பச்சை இருக்கிறது, பொடி எழுத்து இருக்கிறது, வளைவில் நிழல் படிப்படியாக இறங்குகிறது, புள்ளி ஒளிய இடமே கிடையாது. இரண்டு பாடி, ஆளுக்கு ஒரு ஜூமும் அந்த 50ம், ஐஎஸ்ஓ 100 முதல் 12800 வரை எட்டுப் படி. ஆக 32 படம். மைலோ டின்னுக்குப் பூஜை போடுகிறேன் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்.

ஒரே பாடியில் லென்ஸை மட்டும் மாற்றிய படங்களை முதலில் பார்த்தேன். ஜூம் ஐஎஸ்ஓ 12800 கேட்ட இடத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப் 1.8க்கு 1250, 1300 போதும். டி750ல் ஜூமைப் போட்டு எடுத்ததைவிட டி7200ல் அந்த மலிவு லென்ஸைப் போட்டு எடுத்தது தெளிவு. டின்னின் நிழல் பக்கத்தில் ஜூம் படம் சிவப்பும் பச்சையுமாய்க் கொதித்தது, மற்றதில் சன்னமான மணல் மட்டும். கேமராவே புள்ளியைத் துடைத்துத் தரும் ஜேபெக் படம் இன்னும் மோசம் என்பேன். புள்ளி போயிருந்தது, பொடி எழுத்தும் சேர்ந்து போயிருந்தது, டின்னுக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி. அத்தை முகத்தில் இதைச் செய்தால் சுருக்கமும் திருநீறும்தான் முதலில் போகும். அதனால் கேமரா கைவைக்காத ரா கோப்பாக எடுப்பது என்று முடிவு, தேவைப்பட்டால் வீட்டில் துடைத்துக்கொள்ளலாம். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023ல் வந்த டீநாய்ஸ் வசதி அதை நன்றாகவே செய்கிறது, ஆனால் என் பழைய லேப்டாப்பில் ஒரு படம் முடிவதற்குள் பசியாறிவிட்டு வந்துவிடலாம்.

கேமராக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது மச்சானிடம் படங்களைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. "நீங்க 4ஆர் அளவுதானே கழுவப் போறீங்க?" என்றார். 4ஆர் என்றால் ஆறுக்கு நான்கு அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1800க்கு 1200, இரண்டு மெகாபிக்சல் சொச்சம். 24 மெகாபிக்சல் படத்தை அதற்குள் அடக்கும்போது பதினோரு பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, நாய்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். போன வருடப் படத்தையே 4ஆர் போட்டுப் பார்த்திருந்தால் இந்த மூன்று மாதக் கூத்தே நடந்திருக்காது.

இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் படத்தில் என் தப்பும் இருந்தது. குழியில் தகதகவென்று நெருப்பு, அதைப் பார்த்த கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கியது. நம் நிறம் ஏற்கெனவே நிழல் பக்கம், புள்ளி குடியேறுவதும் நிழலில்தான். அந்த முகத்தை நான் கணினியில் இழுத்துப் பிடித்து வெளுப்பாக்கினேன். எடுக்கும்போதே முகத்துக்கு வெளிச்சம் வைத்து எடுத்திருந்தால் அதே கேமராவிலேயே பாதி கடுகு குறைந்திருக்கும். மீதிப் பாதி நெருப்பின் வேலை. கங்கு வெளிச்சத்தில் சிவப்பு கொட்டிக் கிடக்கும், நீலம் பஞ்சத்தில் இருக்கும். நிறத்தைச் சரிசெய்யும்போது அந்தப் பஞ்ச நீலத்தைத்தான் தூக்குகிறோம், அதனால்தான் அத்தை தலைமுடியில் நீலப் புள்ளி. ஃபிளாஷ் போடலாமே என்றால், கங்கின் சிவப்பு செத்துவிடும், பூசாரியும் திட்டுவார்.

போனையும் விட்டுவைக்கவில்லை. நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும், கோயில் கோபுரத்துக்கு அருமை, கரகம் ஆடுகிறவருக்கு இரண்டு தலை.

கடைசியில் ஈப்போ தவுக்கே (முதலாளி) கடையில் பழைய டி7200 ஒன்றும் 50 எஃப் 1.8 ஒன்றும் வாங்கினேன். 2015ல் வந்த மாடல், ஷட்டர் 41,000 தடவை அடித்திருந்தது, 1,50,000 தாங்கும் என்று சோதித்த ஷட்டர். சீட்டுப் பணம் 4,000 மலேசிய வெள்ளியில் பாதிக்கு மேல் மிஞ்சியது. புது மிரர்லெஸ் கேமரா மேல் ஆசை இல்லாமல் இல்லை, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இந்த வருடத் தீமிதி போன வாரம் முடிந்தது. எஃப் 1.8, நொடியில் 250ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200. முப்பது படம் எடுத்தேன், அந்தத் திறப்பில் ஃபோகஸ் மூக்கில் நின்றால் காது கலங்கிவிடுகிறது, நாலுதான் தேறியது. தேறியதில் ஒன்றைப் பத்துக்கு எட்டு அங்குலம், அதாவது 8ஆர், போட்டுக் கொடுத்தேன். முகத்தில் வியர்வையும் திருநீறும் தனித்தனியாகத் தெரிகிறது, கடுகு இல்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிய்யா, கரகத்தைப் பாதியில வெட்டிப்புட்டியே."

ஜூம் இல்லாத லென்ஸ் அத்தை, நான் பின்னால் போயிருக்க வேண்டும் என்றேன். அடுத்த வருடம் பத்தடி தள்ளி நில் என்கிறார். அங்கேதான் உறுமிக்காரர்கள் நிற்பார்கள்.