அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் வளரவில்லை

மும்பையில் சிறார் வழக்குகளில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும் என் கைக்கு வரும். ஒரு பையனைப் பிடித்து ஜே.ஜே. போர்டு, அதாவது சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியம் முன்னால் நிறுத்தினால், முதல்முறை ஆஜரான நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். அதற்காக வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். போகிற இடமெல்லாம் கேட்கிற பேச்சு, "ரத்தத்துலயே இருக்கு மேடம்."

திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு அம்மா, செல்போன் பறித்த வழக்கில் சிக்கிய இளைய மகனைப் பற்றி இதையே சொன்னார். "அவுக அப்பா குணம் அப்படியே வந்திருக்கு. பெரியவன் என்னைய மாதிரி, ஒரு வம்புதும்புக்கும் போகமாட்டான்." அப்பா குடித்துவிட்டு அடிதடியில் மாட்டியவர். பெரியவன் கூரியர் கம்பெனியில் ஒழுங்காக வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் ஒரே பத்தடி அறையில், ஒரே அம்மா கையால் சாப்பிட்டவர்கள், அப்புறம் ரத்தம்தானே காரணம் என்று அக்கம்பக்கமும் சொல்லிற்று.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எம்ஏஓஏ என்று ஒரு மரபணு, மூளையில் செரோடோனின் போன்ற ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது. நியூசிலாந்தின் டுனிடின் நகரத்தில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் ஒரு ஆய்வு வந்தது. இந்த மரபணு மந்தமாக வேலை செய்கிற பையன்கள் சின்ன வயதில் அடி உதை, கொடுமை என்று வளர்ந்திருந்தால் பின்னால் வன்முறைக்குப் போவது கூடுதல், அப்படி எதுவும் படாமல் வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளின் முடிவுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில், அதாவது பையனுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். அந்த அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஊர்ப் பழி முழுக்க அவர் தலையில்தான் இருக்கிறது.

ரத்தத்தைக் குற்றம் சொல்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்றது, அந்தச் சட்டத்தின் பேரில் கேட்ட கைரேகையை வைக்கமாட்டோம் என்று எதிர்த்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920இல் போலீஸ் சுட்டது. அதனாலேயே ஒரு பதினாறு வயதுப் பையனின் கோப்பில் 'அப்பன் குணம்' என்கிற சொல் ஏறுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, வளர்ப்புதான் காரணம் என்றால் அண்ணன் எப்படித் தப்பினான்? பேசப் பேசத்தான் தெரிந்தது, அண்ணனும் தம்பியும் வளர்ந்தது ஒரே வீடே இல்லை. பெரியவன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா தோல் பட்டறையில் வேலையில் இருந்தார், குடி இல்லை, பாட்டி உயிரோடு இருந்தார், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒரு வாத்தியார் அவனைப் பத்தாவது வரை விடாமல் பிடித்துவைத்திருந்தார். சின்னவனுக்கு விவரம் தெரிந்தபோது பட்டறை போய்விட்டது, பாட்டி போய்விட்டார், அடி மட்டும் இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது அவன் ஆறாவது. ஊருக்குப் போனார்கள், திரும்பி வந்தபோது அவனை மறுபடி சேர்க்க யாரும் அலையவில்லை, அம்மா அப்போது மூன்று வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தெருமுனையில் பைக் வைத்திருந்த பெரிய பையன்கள்தான் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார்கள், அப்புறம் வேலையும் கொடுத்தார்கள்.

அறிக்கைப் படிவத்தில் குடும்ப வருமானம், குடும்பத்தில் வேறு யார்மேல் வழக்கு என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்பினால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பதில்தான் வரும். அதனால் தனித்தாளில் இன்னும் கொஞ்சம் எழுதி இணைக்கிறேன்: பையன் பள்ளிக்கூடம் போவதை எந்த மாதம் நிறுத்தினான், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, அவனை மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்க இப்போது யார் இருக்கிறார்கள். இவன் விஷயத்தில் கடைசிக் கேள்விக்கு அண்ணனின் பெயரை எழுதினேன், அவன் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டான்.