கர்ணன் ஏன் ஒல்லியானான்? கூத்து வீடியோ நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கூத்து வாத்தியார் கொடுத்தனுப்பிய பை வந்து சேர்ந்தது. உள்ளே மினி டிவி (MiniDV) எனும் சிறிய வீடியோ கேசட்டுகள், கூடவே ஒரு பென் டிரைவ். 2007, 2008 வாக்கில் செய்யாறு பக்கத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய எடுத்த கூத்து. அதில் ஆடியவர்களில் சிலர் இப்போது இல்லை, அதனால்தான் இவை எல்லாரும் பார்க்கிற மாதிரி வலையில் இருக்க வேண்டும் என்று வாத்தியார் நினைக்கிறார், எனக்கும் அதே எண்ணம்.

பென் டிரைவில் இருப்பது அந்தக் காலத்தில் ஒரு ஸ்டுடியோவில் மாற்றி வாங்கிய கோப்புகள். திறந்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. கர்ணன் வேஷம் ஒல்லிக்குச்சியாக நிற்கிறது, கிரீடம் நீண்டு போயிருக்கிறது, தோளில் விரிந்து நிற்க வேண்டிய புஜக்கட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. மர அணிகளான கட்டைகளைக் கட்டி ஆடுகிற கலையில் ஆளின் அகலம்தான் கம்பீரமே. அதைக் கால் பங்கு நறுக்கிவிட்டால் ராஜாவுக்கு என்ன மிச்சம்?

பிப்ரவரி 5

காரணம் தெரிந்தது. கேசட்டுகள் எச்டிவி (HDV) முறையில் எடுத்தவை. 2003-ல் வந்த முறை அது. சாதாரண மினி டிவி கேசட்டிலேயே, நொடிக்கு 25 மெகாபிட் அளவுக்குள், உயர் தெளிவுப் படத்தைப் பதியலாம். அந்தச் சிறிய இடத்தில் அடக்குவதற்காக 1920 புள்ளிகள் இருக்க வேண்டிய வரியில் 1440 மட்டும்தான் பதிவாகும். அதாவது ஒவ்வொரு பிக்சலும் சதுரம் கிடையாது, உயரம் 3 என்றால் அகலம் 4. திரையில் காட்டும்போது பக்கவாட்டில் விரித்துக் காட்ட வேண்டும் என்பது கோப்பிலேயே எழுதியிருக்கும்.

ஸ்டுடியோக்காரர் 1440-க்கு 1080 என்ற எண்ணைப் பார்த்திருக்கிறார், வகுத்தால் 4:3 வருகிறது, உடனே 640-க்கு 480 என்று சுருக்கிவிட்டார். கணக்கில் தப்பே இல்லை, விகிதம் மாறவில்லை. ஆனாலும் படம் நசுங்கிவிட்டது! இணையத்தில் "விகிதத்தைப் பூட்டிவிடு, போதும்" என்று சொல்கிறார்களே, அது சதுர பிக்சலுக்கு மட்டும்தான் பொருந்தும். முதலில் பார்க்க வேண்டியது பிக்சலின் வடிவம். எஃப்எஃப்ப்ரோப் (ffprobe) கருவியில் கோப்பைக் கொடுத்தால் பிக்சல் விகிதம் 4:3, காட்சி விகிதம் 16:9 என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். பிக்சல் விகிதம் 1:1 இல்லையென்றால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

சரி, பென் டிரைவை ஓரமாக வைத்துவிட்டு கேசட்டில் இருந்தே திரும்ப எடுக்கிறேன். ஃபயர்வயர் கேபிளில் இறக்கினால் கேசட்டில் உள்ள எம்பெக்-2 தரவு அப்படியே வருகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபி.

பிப்ரவரி 9

அளவைக் குறைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கேமராக்கள் முழுப் படத்தை ஒரே தடவையில் எடுப்பதில்லை. நொடிக்கு 50 அரைப் படங்கள், ஒவ்வொன்றிலும் 540 வரி, ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை. அர்ச்சுனன் கிறிக்கி அடித்துச் சுற்றும்போது இரண்டு அரைப் படங்களுக்கு நடுவே பாவாடை நகர்ந்துவிடுகிறது, நிறுத்திப் பார்த்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அந்தப் பல்லோடு உயரத்தைக் குறைத்தால் வெவ்வேறு நேரத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

ஆகவே முதலில் டிஇன்டர்லேஸ், அதாவது அரைப் படங்களை முழுப் படங்களாக்குவது, பிறகுதான் அளவு. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் உள்ள பாப் வீவர் ஃபில்டரைப் பயன்படுத்துகிறேன், நொடிக்கு 25 படமாகக் குறைக்காமல் 50 படமாகவே வைக்கிறேன். கோப்பு பெரிதாகும்தான். ஆனால் மிருதங்கச் சொல்லும் கால் சலங்கையும் ஒன்றாக விழுவது 50-ல் தெரிகிற மாதிரி 25-ல் தெரியவில்லை.

பிப்ரவரி 10

அளவுகள். 1280-க்கு 720 ஒன்று, கிராமத்தில் சிக்னல் குறைவான இடத்துக்கு 640-க்கு 360 ஒன்று. இரண்டுமே சரியாக 16:9, மிச்சமில்லை. நடுவில் 480 வரியில் ஒன்று வேண்டுமென்றால் அகலம் 853.33 வரும், அதை 854 ஆக்க வேண்டும், ஏனென்றால் நிறத்தைப் பாதி அளவில் சேமிக்கிற 4:2:0 முறையில் இரண்டு பக்கமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். அந்த அரைப் பிக்சலுக்கும் சற்று மேலான வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அதே மென்பொருளில் அளவை மாற்றுகிற ஸ்கேல் ஃபில்டரில் அகலத்தை மட்டும் கொடுத்துவிட்டு உயரத்துக்கு மைனஸ் 2 போட்டால் அதுவே கணக்கிட்டு இரட்டைப்படையாக்கும் என்பது பலருக்கும் தெரிந்த வழி. எச்டிவியில் அதைச் செய்தால் 1280-க்கு 960 வரும்! அந்த ஃபில்டர் பதிவான எண்களைத்தான் வகுக்கிறது, பிக்சல் வடிவத்தை அப்படியே அடுத்த கோப்புக்குத் தள்ளிவிடுகிறது. அதை மதிக்கிற பிளேயரில் படம் சரியாக இருக்கும், மதிக்காத இடத்தில் கர்ணன் மறுபடி ஒல்லி. அதனால் இந்தக் கேசட்டுகளுக்கு 1280, 720 என்று இரண்டையும் நானே எழுதி, பிக்சல் விகிதத்தை 1:1 என்று உறுதியாகப் பதிந்துவிடுகிறேன். கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் அனமார்ஃபிக் என்ற இடத்தில் 'இல்லை' என்று தேர்ந்தெடுத்தால் இதே வேலை நடக்கும்.

சோதிக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. ஒரு காட்சியில் சபைக்கு அருகே சைக்கிள் ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன், சமம். பழைய கோப்பில் அதே சக்கரம் முட்டை. நேராகக் கேமராவைப் பார்க்கிற வட்டம் எதுவாக இருந்தாலும் சரி, படத்தின் நடுப்பகுதியில் இருந்தால் இன்னும் நல்லது, ஓரங்களில் லென்ஸே கொஞ்சம் இழுக்கும்.

பிப்ரவரி 14

நிறம். உயர் தெளிவுப் படத்துக்கு 709 என்ற நிறக் கணக்கு, பழைய சிறிய படத்துக்கு 601. 360 வரிக் கோப்பில் எது என்று எழுதாமல் விட்டால் சில பிளேயர்கள் அளவைப் பார்த்து 601 என்று ஊகித்துக்கொள்ளும், சிவப்பும் பச்சையும் கொஞ்சம் நகர்ந்துவிடும். வேஷத்தின் குணத்தையே முகத்து அரிதாரம் சொல்கிற கலையில் இதுவும் உருவத்தைக் கெடுப்பதுதான். எல்லாக் கோப்பிலும் 709 என்று குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

பிப்ரவரி 17

வாத்தியாரின் பேரன் போன் செய்தான். "அண்ணா, ஃபோனை நேரா பிடிச்சா படம் சின்னதா வருது, முழுசா வர்ற மாதிரி பண்ணுங்களேன்."

நியாயமான ஆசை. ஆனால் நெட்டுக்குத்தான 9:16 சட்டத்தை நிரப்ப இரண்டே வழி. உயரத்தில் இழுக்கலாம், அதை நான் செய்யவே மாட்டேன். இல்லை வெட்டலாம், 1920 அகலத்தில் சுமார் 608 தான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. துரியோதனன் ஒரு பக்கம் நின்று பேச, கட்டியங்காரன் மறுபக்கம் நின்று கிண்டல் செய்ய, பின்னால் முகவீணையும் பின்பாட்டும் போக, இதில் யாரை வெட்டுவது? திரை பிடித்து வேஷம் வெளிவருகிற தருணத்தில் மட்டும் ஒருவர் நடுவில் தனியாக இருக்கிறார், அந்தத் துண்டுகளை நெட்டுக்குத்தாக வெட்டித் தருகிறேன், மற்றதெல்லாம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு இருக்கட்டும் என்றேன். "சரிண்ணா, ஃபோனைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிடறேன்" என்றான்.

பிப்ரவரி 21

வலைப்பக்கத்தில் ஏற்றியாகிவிட்டது. வீடியோ சரியாக இருக்கிறது, ஆனால் முன்னால் வரும் சிறுபடங்கள் நசுங்கித் தெரிந்தன. வலைப்பக்கத்தில் வீடியோவுக்குப் பொருந்தாத சட்டம் கொடுத்தாலும் அது தன் விகிதத்தைக் காத்துக்கொண்டு பட்டை விடும். சாதாரணப் படம் அப்படியில்லை, கொடுத்த சட்டத்துக்கு இழுபட்டுவிடும். வார்ப்புருவில் நிலையான உயரத்தை எடுத்துவிட்டு 'தானாக' என்று மாற்றியதும் முகங்கள் முகங்களாயின. கோப்பின் தலைப்புக் குறிப்பைத் தொடக்கத்துக்கு நகர்த்தும் ஃபாஸ்ட்ஸ்டார்ட்டையும் போட்டிருக்கிறேன், முழுதும் இறங்கக் காத்திராமல் உடனே ஓடும்.

பிப்ரவரி 23

வாத்தியார் பார்த்துவிட்டார். "தம்பி, கட்டை இப்போதான் கட்டினமாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்ன நல்ல வார்த்தையை விட, அப்புறம் அரைமணி நேரம் ஒவ்வொரு வேஷத்தையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினாரே, அது பெரிது. எழுதி வைத்திருக்கிறேன், விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்து எச்டிவிக்கு முந்திய கேசட்டுகள். அவை 720-க்கு 576, காட்சி விகிதம் 4:3, அரைப் படங்களின் வரிசையும் தலைகீழ், கீழ் வரிகள் முதலில். சதுர பிக்சலில் 768-க்கு 576 ஆக்கி, அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பாகவே விடப் போகிறேன். திரையை நிரப்பித் தரச் சொல்லி யாராவது கேட்பார்கள், அவர்களுக்கு இந்தப் பக்கத்தையே அனுப்புகிறேன்.