லைன் சரி, மோடம் சரி, முதல் பக்கம் மட்டும் வராது

2003-இல் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிசைன் அறையில் வேலை பார்த்தேன். ரெட் ஹாட் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர், 56கே மோடம். போன் பில்லுக்குப் பயந்து, தேவைப்படும்போது மட்டும் டயல் ஆகும்படி பிபிபிடி-யில் (மோடம் இணைப்பை நடத்தும் நிரல்) டிமாண்ட் வசதியை வைத்தேன். அரை மணி வேலை. வம்பு அப்புறம்தான் வந்தது.

பிரவுசரைத் திறந்தால் மோடம் கீச்சிட்டு இணைப்பு வரும். கேட்ட பக்கம் வராது. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டால் வந்துவிடும். ஆனால் தானாக மெயில் எடுக்கும் நிரலுக்கு மறுபடி அழுத்த யார் இருக்கிறார்கள்? காலண்டர் சீசனில் வாடிக்கையாளர் அனுப்பிய திருத்தங்கள் சர்வரிலேயே கிடந்தன.

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "விண்டோஸ்ல வருதா? அப்ப எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார்" என்று வைத்துவிட்டார்கள். மோடத்தைப் பையில் போட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடையில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் போச்சு.

என்னை அதிகம் ஏமாற்றியது பிங், அதாவது இன்னொரு கம்ப்யூட்டரிடம் 'இருக்கிறாயா' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை. முதல் முப்பது சொச்சக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. பிறகு வரிசையாகப் பதில். லைன் சரி என்று நம்பிவிட்டேன். பிங் ஒவ்வொரு முறையும் அனுப்புநர் முகவரியைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

லைனில் போகும் தரவுப் பொட்டலங்களை (பாக்கெட்) காட்டும் டிசிபிடம்ப் நிரலைப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வெளியே போன பாக்கெட்டில் அனுப்புநர் முகவரி 10.64.64.64. உண்மையான முகவரி இணைப்பு வந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை பிபிபிடி வைக்கும் தற்காலிக முகவரி அது. முன்னாலேயே தொடங்கிய இணைப்பு அதையே பிடித்துக்கொண்டு 3, 9, 21, 45-ஆவது வினாடிகளில் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. கவரில் இல்லாத வீட்டு முகவரியை எழுதினால் பதில் எங்கே வரும்?

லினக்ஸின் உள் அமைப்புகள் இருக்கும் ப்ராக் கோப்புறையில் ஐபிவி4-க்குக் கீழே 'ஐபி_டைன்அடர்' என்று ஒரு கோப்பு. அதில் 1 இருந்தால், திரும்பத் தட்டும்போது புதிய முகவரியைப் போட்டு அனுப்பும். அதில் 0 இருந்தது, 1 எழுதினேன். தளத்தின் பெயருக்குப் பதில் அதன் ஐபி எண்ணையே நேராக அடித்தேன். 45-ஆவது வினாடியில் பக்கம் வந்தது! நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

பெயரை அடித்தால் மட்டும் இன்னும் வரவில்லை. பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் இரண்டு டிஎன்எஸ் சர்வர்களையும் கேட்டுப் பார்த்து 20 வினாடியில் கைவிட்டுவிடுகிறது. டயல் ஆகவோ முப்பதுக்கு மேல் ஆகிறது. பெயர்க் கேள்விகளை வாங்கி வெளியே அனுப்பும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை நிறுவி, பெயர் கேட்பதை 127.0.0.1-க்கு, அதாவது இதே கம்ப்யூட்டருக்கு, திருப்பி, முயற்சிகளை 4 ஆக்கினேன். கேள்வி இப்போது இன்னும் சில முறை போகிறது. அதற்குள் லைன் வந்திருக்கும்.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. பழைய குருடி கதவைத் திறடி! அந்த 1 ரீபூட்டில் அழிந்துவிடும் என்று யோசிக்கவே இல்லை. அந்த 1-ஐ எழுதும் வரியை, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போதும் ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் சேர்த்து, நானே ஒருமுறை ரீபூட் செய்து பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போனேன்.